ராஜாவின் எலும்பும் எங்கள் வீட்டு வாளியும்

திருவள்ளூர்,
ஆனந்த வருஷம், தை மாதம்,
ஞாயிற்றுக்கிழமை.

காஞ்சீபுரம் பெரியப்பாவின் திருவடிகளில் தம்பி பிள்ளை ஸம்பத்குமார், முழங்கையில் சிராய்ப்பு இருப்பதால் சற்றே ஒருக்களித்தபடி, தண்டன் ஸமர்ப்பித்து எழுதிக்கொள்ளும் விண்ணப்பம். இவ்விடம் அப்பா, அம்மா, பூமா, அடியேன் நால்வரும் க்ஷேமம். நால்வர் தலையும் ஈரம். அவ்விடம் தேவரீரும் பெரியம்மாவும் உலர்ந்த தலையுடன் நீடூழி இருக்கப் பெருமாளைப் பிரார்த்திக்கிறேன்.

நிற்க. மிகுந்த வியாகுலத்துடன் ஒரு செய்தியைத் தெரிவிக்க வேண்டியிருக்கிறது. தாத்தா காலம் தொட்டு இந்தக் குடும்பத்துக்கு உழைத்து, மூன்று கல்யாணங்களையும் எண்ணற்ற ஏகாதசிகளையும் கண்டு, வாய் திறந்தே இருந்தும் ஒருவரையும் ஒரு வார்த்தை சொல்லாத நம் வீட்டுப் பித்தளை வாளி, நேற்று முற்பகல் கயிறு அறுந்து கொல்லைக் கிணற்றில் பரமபதித்தது. கடிதத்தின் மூலையில் கரி தடவவில்லை, தேவரீர் பதற வேண்டாம். அதற்கும் வயதாகிவிட்டது. ஒரு காது ஏற்கெனவே போயிருந்தது. கடைசி நேரத்தில் பக்கத்தில் இருந்த பூமா, "டம்" என்று ஒரே ஒரு சத்தம் கேட்டதாகவும் வேறு கஷ்டம் எதுவும் பட்டதாகத் தெரியவில்லை என்றும் சொல்கிறாள். அதை வெளிக்கொணரும் பொறுப்பு, வீட்டில் அகழாய்வு படித்தவன் அடியேன் ஒருவனே ஆகையால், என்னிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. பக்கத்து வீட்டிலிருந்து பாதாளக்கரண்டி இரவல் வாங்கி, விஞ்ஞான முறைப்படி, கிணற்றை நான்கு சதுரமாக மனத்தால் பிரித்துக்கொண்டு துழாவி வருகிறேன். சிராய்ப்பு அந்த வகையில் ஏற்பட்டது.

வாளிக்கு இந்தக் கதி நேர்ந்ததற்குக் காரணம் ஓயாத உழைப்பு. ஒரு வாரமாக நம் வீட்டில் எல்லோரும் தீர்த்தமாடிக்கொண்டே இருக்கிறோம். அப்பா காலையில் தீர்த்தமாடுகிறார், என்னைப் பார்த்ததும் மறுபடி ஆடுகிறார். அம்மா தளிகைக்கு முன்னால் ஒன்று, தளிகைக்கு நடுவில் என் நிழல் அடுப்படியில் விழுந்தால் இன்னொன்று. பூமாவின் தாவணி என் துண்டில் பட்டுவிட்டால் போதும், கிணற்றடியில் ராட்டினம் கதறும். "டேய் சம்பத்து, நீ நடமாடற மயானம்டா, தள்ளி நில்லு" என்று என் கூடப் பிறந்தவள் சொல்கிறாள். இத்தனைக்கும் காரணம் ஒரு ராஜா. அவரைப் பற்றித்தான் தேவரீரிடம் ஒரு தீர்ப்பு வேண்டி இதை எழுதுகிறேன். எழுதுகிறேன் என்பதைவிட எழுதவைக்கப்பட்டிருக்கிறேன் என்பது பொருந்தும். "நீ பண்ணின காரியத்தை நீயே அண்ணாவுக்கு எழுது" என்று பேப்பரையும் பேனாவையும் அப்பா தரையில் வைத்துவிட்டு நகர்ந்து நின்றுகொண்டார். கையில் கொடுத்தால் பட்டுவிடுமே.

அடியேன் மதராஸ் காலேஜில் சரித்திரம் படிப்பதும், அதில் தொல்பொருள் என்று ஒரு பாடம் இருப்பதும், போன நவராத்திரிக்கு வந்திருந்தபோது தேவரீர், "பொதைச்சதை எடுக்கறதுக்கும் ஒரு படிப்பாடா?" என்று வினவியதும் நினைவிருக்கலாம். அந்தப் படிப்புக்காக எங்களைக் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு மேட்டில் கூடாரம் போட்டு இறக்கியிருக்கிறார்கள். அங்கே தொழிற்சாலைகள் வரப்போகின்றன. நிலத்தை மட்டம் பண்ண வந்த இயந்திரம் பாதி மேட்டை விழுங்கிவிட்டு, மீதிப் பாதியில் வட்டமாக நட்டிருந்த பாறைகளின் மேல் இடித்துக்கொண்டு நின்றது. அந்தப் பாறை வட்டங்களுக்கு அடியில், ரொம்பப் பழங்காலத்தில் இறந்தவர்களைத் தாழியில் வைத்துப் புதைத்திருக்கிறார்கள் என்று எங்கள் புரொபஸர் அதிகாரிகளிடம் ஓடிப்போய் எடுத்துச் சொல்லி மாசி மாதக் கடைசி வரை தவணை வாங்கியிருக்கிறார். அதற்குப் பிறகு இயந்திரம் யாருக்காகவும் காத்திருக்காது. ஆளுக்கு ஒரு சதுரம் கயிறு கட்டி அளந்து கொடுத்து, ஒரு சின்னக் கொத்தனார் கரணையும் ஒரு பிரஷும் கொடுத்து, தோண்டாதே, தடவு என்றார்கள். ஒரு நாள் பூரா தடவினால் உள்ளங்கை ஆழம் இறங்கும். கூலிக்கு மண் சுமக்க வந்த பச்சையப்பன் என் சதுரத்தின் ஓரத்தில் குந்தி, பீடி பற்றவைத்துக்கொண்டு, தினமும் விசாரிப்பான்.

"இன்னா ஐயரே, பூமாதேவிக்கு பவுடர் போட்டுக்கினு கீறே?"

"ஐயர் இல்லைப்பா, ஐயங்கார்."

"எதுவோ ஒண்ணு. நவுரு, கடப்பாறைல ஒரே போடு போடறேன். சாயங்காலத்துக்குள்ள உன் ராஜா, மந்திரி, குதிரை அல்லாம் வெளிய வந்து வரிசையா நிக்கும்."

"உடைஞ்சு போயிடும் பச்சையப்பா."

"ரெண்டாயிரம் வருசமா உள்ள கெடந்துக்கினு இன்னும் ஒடையாம கீதா? அப்ப இன்னா அவசரம், நீ பேஜாரு பண்ணிக்காம நாஷ்டா துன்னுட்டு வா."

இப்படிப்பட்ட ஏளனங்களுக்கு இடையில்தான், பெரியப்பா, அடியேனுடைய சதுரத்தில் ஓர் எலும்பு எழுந்தருளியது. என் சுண்டுவிரலைவிடப் பருமன், ஒரு சாண் நீளம். நடுவில் ஆழமாக ஒரு வெட்டு. வாள் வெட்டு என்பதைப் படிக்காதவனும் சொல்லிவிடுவான். பாறை வட்டத்துக்குள் கிடைத்ததால் அவர் பெரிய மனிதர், வெட்டு இருப்பதால் போர்க்களத்தில் மாண்டவர், ஆகவே இந்தப் பகுதியை ஆண்ட ஒரு குறுநில மன்னர் என்று நொடியில் தீர்மானித்துவிட்டேன். இருபது மாணவர்களில் எலும்பு கிடைத்தது எனக்கு மட்டும்தான். புரொபஸர் அதை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்து, என் கையிலேயே திருப்பிக் கொடுத்து, "நீயே வெச்சுக்கோ" என்றார். ஒரு மாணவனுக்கு இதைவிட என்ன கௌரவம் வேண்டும்? போன சனிக்கிழமை லீவுக்கு, மன்னரைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஊத்துக்கோட்டையில் பஸ் மாறி வீடு வந்து சேர்ந்தேன். எலும்பும் தோலுமாகப் போனவன் எலும்பும் கையுமாக வந்தான் என்று வரலாறு எழுதட்டும்.

வந்தவன் சும்மா இருந்திருக்கலாம். வாசலில் கோலமாவு டப்பாவுடன் நின்ற பூமாவிடம், "கையை நீட்டு, கும்மிடிப்பூண்டிலேர்ந்து உனக்கு ஒண்ணு கொண்டுவந்திருக்கேன்" என்றேன்.

"வளையலாடா?"

"கிட்டத்தட்ட. வளையல் கைக்கு வெளியில இருக்கும். இது கைக்குள்ள இருக்கறது."

அவள் கைக்குட்டையைப் பிரித்தபோது போட்ட சத்தத்தில் தெருக்கோடித் தேவராஜன் மாமா வரைக்கும் வெளியே வந்துவிட்டார். அப்பா பாதித் திருமண் இட்டுக்கொண்ட நெற்றியுடன் ஓடி வந்தார்.

"ஏதுடா இது?"

"எலும்பு."

"அது தெரியறது. யாரோடது?"

அந்த இடத்தில், பெரியப்பா, எத்தனையோ பதில்கள் சொல்லியிருக்கலாம். ஆனால் தெருவே நின்று பார்க்கிறது. தேவராஜன் மாமா வேறு, "புள்ளையாண்டான் காலேஜ்ல இதெல்லாந்தான் பொறுக்கறானா?" என்கிறார். "ராஜாவோடது. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தி இந்தச் சீமையை ஆண்டவர். நம்ம முன்னோர்" என்று முழங்கினேன். அந்தக் கடைசி வார்த்தை, வகுப்பில் புரொபஸர் தினமும் சொல்வது. வகுப்பில் அதற்கு ஒரு தீட்டும் கிடையாது. வீட்டில் அது விழுந்த மாத்திரத்தில் அப்பா ஓரடி பின்னால் போனார்.

"முன்னோர்னா? பங்காளியா?"

"எல்லாருக்கும் முன்னோர்ப்பா."

"எல்லாருக்கும்னா அதுல நாமும்தானே?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா கூடத்திலிருந்து வந்துவிட்டாள். அவள் எலும்பைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். "தோப்பனார் குத்துக்கல்லாட்டம் நிக்கறச்சே, அஸ்தி பொறுக்கிண்டு வந்து நிக்கறயேடா பாவி" என்றாள். குத்துக்கல் என்பது எங்கள் பாடத்தில் இறந்தவரைப் புதைத்த இடத்துக்கு அடையாளம் என்பதை அந்த வேளையில் நான் சொல்லவில்லை. தகப்பனார் இருக்கிற பிள்ளை எலும்பு பொறுக்கலாகாது என்பதும், பொறுக்கினால் அது யார் தலையில் விடியும் என்பதும் எனக்கும் தெரியாததல்ல. ஆனால் பிரஷால் தடவி எடுப்பது பொறுக்குவதில் சேருமா என்று எந்த வாத்தியாரும் எனக்குச் சொல்லித்தந்ததில்லை.

அப்பா புதுச் சட்டி வாங்கி வந்தார். மன்னரை அதில் ஏளப்பண்ணி, வாயை வெள்ளைத் துணியால் கட்டி, வீட்டுக்குள் வைக்கக்கூடாது என்பதால் கொல்லைத் தென்னைமரத்தில் தொங்கவிட்டார். சாயங்காலம் அடியில் ஒரு அகல் ஏற்றுகிறார். அந்தத் தென்னை கிணற்றை ஒட்டி நிற்பது தேவரீர் அறிந்ததே. தீட்டுப் போகத் தீர்த்தமாடிவிட்டு நிமிர்ந்தால் கண்ணெதிரே தீட்டு ஆடிக்கொண்டிருக்கிறது. ஆகவே மறுபடி ஒரு வாளி. வாளி ஏன் போயிற்று என்பது இப்போது விளங்கியிருக்கும்.

இதற்குள் தேவராஜன் மாமா தினம் ஒரு தரம் வந்து, வாசற்படிக்கு அந்தப் பக்கமே நின்று, துக்கம் விசாரிக்கிற குரலில் அப்பாவிடம் பேசிவிட்டுப் போகிறார். "அவசரமில்லை ராமு, நன்னா யோசி. தை அமாவாசை முறையைப் பத்திக் கவலைப்படாதே, ஸந்நிதியை நான் பார்த்துக்கறேன். நீ பையனைக் கவனி." அமாவாசையன்று பெருமாளைச் சேவிக்க எத்தனை ஊர் ஜனம் வந்து குவியும் என்பதும், அன்றைய கைங்கர்ய முறை அப்பாவுக்கு வருவது எவ்வளவு அபூர்வம் என்பதும் தேவரீருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நேற்று மாமா இன்னொரு யோசனையும் சொன்னார். "கும்மிடிப்பூண்டியில தொழிற்சாலை வரதே, பேசாம அங்க குமாஸ்தாவா சேத்துடு. மண்ணுக்கு மேலே உத்தியோகம் பண்ணட்டும், கீழே போக வேண்டாம்." அதற்கு மட்டும் அப்பா தலையை ஆட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி, "அண்ணா என்ன சொல்றாரோ அது. தோஷமில்லைன்னா போ. இல்லேன்னா குழியும் வேண்டாம், காலேஜும் வேண்டாம்" என்றார். அப்பா சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால் நானும் பதில் சத்தம் போட்டிருப்பேன்.

தேவரீர் தீர்ப்பு எழுதும் முன் சில விஷயங்களைத் திருவுள்ளத்தில் கொள்ள வேண்டுகிறேன். முதலாவது, இறந்த செய்தி ரொம்பத் தாமதமாகக் காதில் விழுந்தால் ஒரு முழுக்கு போதும் என்று தேவரீரே யாருக்கோ சொல்லக் கேட்டிருக்கிறேன். இரண்டாயிரம் வருஷம் என்பது தாமதத்தில் சேராதா? அப்புறம், அந்த ஊத்துக்கோட்டை பஸ்ஸில் என் சட்டைப்பைமேல் சாய்ந்தபடி தூங்கி வந்தவர்களையும், அவர்கள் மேல் சாய்ந்தவர்களையும் கணக்கில் எடுத்தால், அத்தனை பேரும் தீர்த்தமாடப் பூண்டி ஏரி போதாது. முக்கியமாக ஒன்று. மன்னர் பங்காளிதான், பத்து நாள் தீட்டுதான் என்று முடிவானால், அப்பாவின் அண்ணா என்ற முறையில் அது தேவரீரையும் சேரும். செய்தி இதோ இந்தக் கடிதம் மூலமாக இந்த நிமிஷம்தான் தேவரீரை எட்டுகிறது. அங்கேயும் அமாவாசைக்கு எத்தனையோ வீட்டு வைதிக காரியங்கள் ஒப்புக்கொண்டிருப்பீர்கள். பயமுறுத்தவில்லை. ஞாபகப்படுத்துகிறேன்.

விளையாட்டுப் பேச்சை விட்டு ஒரு விஷயம் எழுதலாமா? அந்தச் சதுரத்தில் இன்னொன்று இருக்கிறது. இன்னும் நான் அதை எடுக்கவில்லை, விளிம்பு மட்டும்தான் தெரிகிறது. பெரிய தாழிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணம், நம் வீட்டில் பெருமாளுக்குத் திருக்கண்ணமுது கண்டருளப் பண்ணுகிற அளவு. அதன் விளிம்பில், மண் ஈரமாக இருந்தபோது யாரோ தூக்கி வைத்ததில் கட்டைவிரல் பதிந்திருக்கிறது. ரேகை கூடத் தெரிகிறது. நான் என் கட்டைவிரலை அதில் வைத்துப் பார்த்தேன். எனக்குக் கொஞ்சம் சின்னதாக இருந்தது. அம்மா விரலாக இருந்தால் சரியாக இருந்திருக்கும். செத்துப்போனவருக்குப் பசிக்குமே என்று ஒருத்தி அதில் எதையோ போட்டு வைத்திருக்கிறாள். அப்பா திவசத்தன்று பிண்டம் வைக்கும்போது விரலை எப்படி மடக்குவார் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். பச்சையப்பன்கூட அன்றைக்குப் பீடியை அணைத்துவிட்டு, "யாரு ஊட்டு அம்மாவோ" என்று சொல்லிவிட்டு எழுந்து போனான். நான் போகாவிட்டால் அந்தச் சதுரத்தை எடுத்துக்கொள்ள ஆள் கிடையாது. எல்லோரும் அவரவர் சதுரத்திலேயே முழங்கால் தேய்ந்து கிடக்கிறார்கள். மாசி முடிந்ததும் இயந்திரம் வந்துவிடும். எனக்கு மன்னர்கூட வேண்டாம் பெரியப்பா, அந்தக் கிண்ணத்தை முழுசாக வெளியே எடுத்துவிட வேண்டும்.

ஆகையால் தேவரீர் கூடிய சீக்கிரம் ஒரு கார்டில், எழுத்து பெரிதாக, தேவராஜன் மாமாவும் எட்டப் படிக்கும்படியாக, தோஷமில்லை என்று எழுதி அனுப்பப் பிரார்த்திக்கிறேன். பெரியம்மாவுக்கு என் தண்டன். தேவரீர் கடாக்ஷத்தால் எங்கள் தலைகள் உலரட்டும்.

இப்படிக்கு,
மண்ணைக் கிளறி மாட்டிக்கொண்ட,
அடியேன் ஸம்பத்குமார்.

பின்குறிப்பு: மேலே கையெழுத்துப் போட்டுக் கவரை மடிக்கும்போது அம்மா வந்தாள். எட்ட நின்று, "பெரியப்பாவுக்கா எழுதறே? நான் சொல்றதையும் ஒரு வரி சேத்துடு" என்றாள். "என்னம்மா?" என்றேன். "உங்கப்பாவுக்கு ஒண்ணும் வராதபடிக்கு என்ன பண்ணணுமோ அதை எழுதச் சொல்லு. இந்த வாரம் பூரா நான் ராத்திரியில சாப்படலைன்னு அப்பாவுக்குத் தெரிய வேண்டாம். அதையும் சொல்லிடு" என்றாள். அந்த வரியை எழுதப் பேனாவை வைத்தேன், எழுத வரவில்லை.

பெரியப்பா, ராஜாவின் எலும்பை எந்தப் புரொபஸராவது ஒரு மாணவன் சட்டைப்பையில் போட்டு பஸ்ஸில் அனுப்புவாரா என்று தேவரீர் மேலே படிக்கும்போதே யோசித்திருப்பீர்கள். அவர் சொன்னதில் பாதியைத்தான் எழுதினேன். முழுசாகச் சொன்னது இது: "ஆட்டெலும்புக்கு நம்பர் போட்டு வெச்சா மியூசியத்துல சிரிப்பாங்க. நீயே வெச்சுக்கோ." மேல்மண்ணில் கிடந்தது. வாள் வெட்டல்ல, கசாப்புக் கத்தி வெட்டு. இயந்திரத்தை முதல்முதலாக ஓட்டிய அன்று மேட்டின் மேல் கடா வெட்டி, கூலி ஆட்களுக்கெல்லாம் சாப்பாடு போட்டார்களாம். பச்சையப்பன் எலும்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "ஐயரே, இது நானே கட்ச்சுப் போட்டதாக்கூட இருக்கும்" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பூமாவைப் பயமுறுத்தலாம் என்றுதான் எடுத்து வந்தேன். அப்பா "யாரோடது?" என்று கேட்டபோது "ஆட்டோடது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வாளி இன்று உயிரோடு இருக்கும். இருபது பேரில் எனக்கு மட்டும் எலும்பு கிடைத்ததும் உண்மை, அது ராஜாவாக இருக்கக்கூடாதா என்று எனக்கு இருந்ததும் உண்மை.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். பச்சையப்பன் பல்லைப் பற்றி மட்டும் சொல்லவில்லை, தேவரீரும் சொல்ல வேண்டாம். அவள் என்னை அடிக்கக் கையை ஓங்கி, பாதியில் நிறுத்தி, புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. நேராக உள்ளே போய்ச் சாத்தமுது ஊற்றிக் கலந்து இரண்டு தரம் சாப்பிட்டாள். விஷயம் காதில் விழுந்ததும் அப்பா கொல்லையில் போய்த் தென்னைமரத்தை அண்ணாந்து பார்த்தபடி வெகுநேரம் நின்றார்.

"ஆடா?"

"ஆடுப்பா."

"ஒரு வாரமா ஆட்டுக்கு வெளக்கேத்தியிருக்கேன்." பிறகு, "எறக்கு அதை. எங்கேர்ந்து எடுத்தயோ அங்கேயே கொண்டுபோய் வை. நாளைக்குக் காலம்பற மொதல் பஸ்" என்றார். அமாவாசை முறை தனதுதான் என்று தேவராஜன் மாமாவிடம் அவரே போய்ச் சொல்லிவிட்டு வந்தார், போகும்போது அங்கவஸ்திரத்தைச் சற்று உயர்த்தியே போட்டுக்கொண்டார். ஆடு என்பதை அவரிடம் சொன்னதாகத் தெரியவில்லை. மாமா தேவரீருக்கும் ஒரு கார்டு போட்டிருப்பார் என்று பூமா சொல்வதால்தான் இதைக் கிழிக்காமல் அனுப்புகிறேன்.

வாளியும் கிடைத்துவிட்டது. நான்கு சதுரங்களில் எதிலும் இல்லை, படிக்கல் இடுக்கில் சொருகிக்கொண்டிருந்தது. என் சிராய்ப்பு, பாசியில் வழுக்கி விழுந்து, கிணற்றைப் பார்ப்பதற்கு முன்னாலேயே ஏற்பட்டது. வாளியை முழுசாக, ஒரு நசுங்கல்கூட இல்லாமல் வெளியே எடுத்தவள் பூமா.